அந்த ஒன்பது மூட்டைகளையும் வியாழனுக்கு முன் திறந்து பாருங்கள்

நமது சங்கத்தின் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், பொருளாளர் அக்காவுக்கும், நிர்வாகக் குழுவில் இருக்கும் மற்ற எல்லோருக்கும்,

போன ஞாயிறு காலை உணவு வங்கி அறையைத் திறந்தபோது நடுத்தட்டு மூன்றும் வெறுமையாகக் கிடந்தன. பின்பக்கம் போய்ப் பார்த்தால் குப்பை லொறிக்காகக் கட்டி வைத்த கறுப்பு மூட்டைகள் ஒன்பது. ஒன்றை ஒரு கையால் அசைக்கக்கூட முடியவில்லை, அதனால் அவிழ்த்தேன். மேலே தகரத்தில் அடைத்த கொண்டைக்கடலை ரின், அதற்குக் கீழே தேங்காய்ப்பால், தக்காளி, பேக்ட் பீன்ஸ், மக்கரல் மீன், அடியில் அன்னாசி. எல்லாம் நானும் மற்றத் தொண்டர்களும் கையால் துடைத்து அடுக்கியவை. இரண்டு மூட்டையை எண்ணினேன், 71 ரின் இருந்தது. மிச்சம் ஏழையும் எண்ண மனம் வரவில்லை.

கதவில் புது அறிவித்தல் ஒட்டியிருந்தீர்கள். "காலாவதித் திகதி கடந்த பொருட்கள் இனி ஏற்கப்படமாட்டாது. இருப்பில் உள்ளவையும் அகற்றப்படும்." கீழே "நிர்வாகம்" என்று இருந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த அறையில் நிற்கிறோம், நாங்கள் நாலு பேர். எங்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று பதினொரு மணிக்கு வந்த ஒரு தாய்க்கு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிறவர், அரிசியும் ஒரு போத்தல் எண்ணெயும் கொடுத்து அனுப்பினேன். "ரின் மீன் இல்லையா அக்கா, பிள்ளைகள் புட்டுக்கு அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார். இல்லை என்றேன். பின்பக்கத்தில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஏன் இந்த முடிவு எடுத்தீர்கள் என்று தெரியும். வட்ஸ்அப் குழுவில் வந்த அந்தப் படம்தான். இரண்டு மாதம் திகதி கடந்த கொண்டைக்கடலை ரின், அதற்குக் கீழே "எங்களைப் பிச்சைக்காரர் என்று நினைத்தீர்களா, உங்கள் வீட்டில் இதைச் சாப்பிடுவீர்களா" என்ற வரி. அதை வாசித்தபோது எனக்கும் முகம் சுருங்கியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்த ஒரு படத்துக்குப் பயந்து, அடுத்த நாளே தட்டைத் துப்புரவாக்கியது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

முதலில் அந்த அறிவித்தலில் இருக்கும் "காலாவதி" என்ற சொல்லை எடுப்போம், ஏனென்றால் பிரச்சினையில் பாதி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. நாங்கள் இருக்கும் பிரிட்டனில் சாப்பாட்டுப் பொருளில் இரண்டு விதமான திகதி குத்துகிறார்கள். இறைச்சி, பச்சை மீன், கழுவி வெட்டி வைத்த சலாட் போன்றவற்றில் வருவது "யூஸ் பை". அது உயிர்ப் பாதுகாப்புக்கான திகதி. அது கடந்த பொருளை விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது, இரண்டும் சட்டப்படி குற்றம். ரின், அரிசி, பருப்பு, பிஸ்கட் இவற்றில் வருவது "பெஸ்ட் பிஃபோர்". அதுவரை சுவையும் நிறமும் பதமும் தாங்கள் சொன்னபடி இருக்கும் என்று உற்பத்தியாளர் கொடுக்கும் வாக்கு அது, அவ்வளவுதான். அந்தத் திகதி கடந்தால் பொருள் முன்போல் நன்றாக இல்லாமல் போகலாம், ஆனால் சாப்பிடலாம் என்று பிரிட்டனின் உணவுத் தராதர முகவரகமே சொல்கிறது. கடையில் விற்பதும் குற்றமில்லை, உணவு வங்கியில் கொடுப்பதும் குற்றமில்லை. 2017 டிசம்பரில் ஈஸ்ட் ஒஃப் இங்லண்ட் கோ-ஒப் என்ற கூட்டுறவு நிறுவனம் தன் கடைகளில் "பெஸ்ட் பிஃபோர்" கடந்த ரின்களையும் உலர் உணவுகளையும் 10 பென்சுக்கு விற்கத் தொடங்கியது. யாரும் அவர்களைப் பிடித்து உள்ளே போடவில்லை.

நாங்கள் இந்த இரண்டையும் தமிழில் ஒரே சொல்லாக்கி வைத்திருக்கிறோம், காலாவதி. இலங்கையில், ஊரிலும் அப்படித்தான் பழகினோம். மக்கரல் ரின்னைத் திருப்பினால் "ஈஎக்ஸ்பி" என்று இருக்கும், அது கடந்ததைக் கடைக்காரர் வைத்திருந்தால் அதிகாரிகள் வந்து பிடிப்பார்கள், மறுநாள் பத்திரிகையில் செய்தி வரும். அதனால் வயதானவர்கள் திகதியைக் கண்டு பயப்படுவதில் பிழை இல்லை. பிழை எங்களுடையது. ஆறு வருடம் அறையில் நின்ற எனக்கும் அதில் பங்கு உண்டு, தமிழில் ஒரு விளக்கத் தாள் எழுதி ஒட்ட எனக்கு எத்தனையோ ஞாயிறு கிடைத்தது.

அப்புறம், ரின் என்பது என்ன பொருள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பிரிட்ஜும் திகதி முத்திரையும் வருவதற்கு முன்னரே, சாப்பாட்டை வருடக்கணக்கில் வைக்கவென்றே கண்டுபிடித்த சாமான் அது. சாப்பாட்டைக் கெடாமல் அடைக்கும் வழிக்குப் பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது, நிக்கொலா அப்பேர் என்ற சமையல்காரருக்கு. அவர் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் அவித்தார். 1810இல் லண்டனில் பீட்டர் டூரண்ட் என்பவர் தகரத்துக்கும் சேர்த்துக் காப்புரிமை எடுத்தார். 1813இல் டொங்கின், ஹோல் என்ற இருவர் லண்டனின் பெர்மன்ட்சியில் தொழிற்சாலை போட்டார்கள். நாங்கள் வடக்கே போகவர எத்தனையோ தரம் தாண்டுகிற அதே பெர்மன்ட்சிதான். ரின் வெட்டும் கருவி வருவதற்கே அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது, அதுவரை உளியும் சுத்தியலும்தான். 1824இல் பாரி என்ற கப்பல் தலைவர் வடதுருவப் பக்கம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த ஒரு கன்றிறைச்சி ரின்னை 1930களின் கடைசியில் திறந்து பூனைக்குக் கொடுத்தார்கள், பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்காவில் 1865இல் மிசூரி ஆற்றில் மூழ்கிய பேர்ட்ரண்ட் என்ற கப்பலை 1968இல் கண்டெடுத்தார்கள். அதில் இருந்த ரின்களை 1974இல் ஆய்வுகூடத்தில் திறந்து பார்த்தபோது நிறம் போயிருந்தது, மணம் போயிருந்தது, விற்றமின் சி கரைந்திருந்தது, ஆனால் கிருமி வளர்ந்திருக்கவில்லை. நூறு வருடத்து ரின்னைச் சாப்பிடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நாங்கள் பேசுவது இரண்டு மாதம், எட்டு மாதம் கடந்ததைப் பற்றி.

இது எப்படி நடக்கிறது என்றால், சாப்பாட்டை ரின்னுக்குள் போட்டு மூடிய பிறகுதான் அவிக்கிறார்கள். கடலை, மீன், இறைச்சி போன்ற புளிப்புக் குறைந்த பொருள் என்றால் ரின்னின் நடுப்பகுதிவரை 121 பாகை சூடு போய்ச் சேர்ந்து குறைந்தது மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும் என்பது கணக்கு. பொட்யூலினம் என்ற கிருமியின் வித்து சாகிற அளவு அது. அதற்குப் பிறகு உள்ளே வளரக்கூடிய கிருமி ஒன்றும் இல்லை, வெளியிலிருந்து ஒன்றும் போக வழியும் இல்லை. உள்ளே வளரக்கூடிய கிருமியே இல்லாதபோது, குத்தியிருக்கும் திகதியின் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு எது வந்து அதைக் கெடுக்கப் போகிறது?

ரின்னால் ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். 1978இல் பர்மிங்ஹாமில் ஒரு சாமன் மீன் ரின்னைச் சாப்பிட்ட நாலு முதியவர்களுக்கு அந்தக் கிருமியின் நஞ்சால் வரும் பொட்யூலிசம் வந்து இரண்டு பேர் இறந்தார்கள். காரணம் ரின்னில் இருந்த சிறு துவாரம், அவித்த பிறகு அதன் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது. 1964இல் அபர்டீனில் 500க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைபோய்ட் வந்தது கோர்ன்ட் பீஃப் என்ற உப்பிட்ட மாட்டிறைச்சி ரின்னால். அதை ஆறவிட்ட இடத்தில் சுத்திகரிக்காத ஆற்றுநீர், ரின்னில் ஒழுக்கு. 1989இல் இந்த நாட்டிலேயே 27 பேரை விழுத்திய ஹேசல்நட் யோகட் விவகாரத்திலும், யோகட்டில் கலந்த ஹேசல்நட் என்ற கொட்டையின் கூழைச் சரியாக அவிக்காமல் ரின்னில் அடைத்ததுதான் வினை. ஓட்டை, ஒழுக்கு, அவிப்பில் குறை. மூன்றிலும் திகதிக்கு வேலையே இல்லை.

நீங்கள் செய்தது என்ன தெரியுமா? மூட்டைகளைக் கிளறியபோது, தட்டில் மிச்சம் விட்டவற்றையும் பார்த்தேன். அடுத்த வருடத் திகதி போட்ட ஒரு தக்காளி ரின் அங்கே பத்திரமாக நிற்கிறது. அதன் மேல் ஓரத்து மடிப்பில் ஆழமான நெளிவு, யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். நான் பொறுப்பில் இருந்திருந்தால் முதலில் குப்பைக்குப் போயிருக்க வேண்டியது அதுதான். திகதியைப் பார்த்த கண் ரின்னைப் பார்க்கவில்லை.

பார்க்கும் வித்தையை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சண்டைக்குப் பயந்து, வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்ததை உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் அந்தப் பாலத்தில் நின்றவர்கள்தான். எனக்கு அப்போது பதினாலு வயது. கொடிகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். ஒரு கடைக்காரர் தன் கடைச் சாமானை உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்திருந்தார், மழையில் நனைந்து லேபிள் எல்லாம் உரிந்துபோனது. இனி விற்கவும் ஏலாது என்று எங்கள் விறாந்தைக்கு ஒரு சாக்கு ரின்னைத் தந்தார். அம்மா சாக்கைக் கொட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, ரின்னின் இரண்டு பக்க மூடியையும் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். அசையாமல் நின்றால் வலப்பக்கம். டிக் என்று உள்ளே போய்த் திரும்பி வந்தால் இடப்பக்கம். பிறகு விளக்குக்குக் கிட்டப் பிடித்து ஓரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றுவார், ஈரமோ பிசுபிசுப்போ தட்டுப்பட்டால் அதுவும் இடப்பக்கம். கறளைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சுவார், போனால் சரி, குழி விழுந்திருந்தால் இடப்பக்கம். இடப்பக்கத்து ஏழெட்டு ரின்னையும் நாய்கூடக் கிண்டாதபடி கிடங்கு வெட்டிப் புதைத்தார், பசியோடு இருந்த நாட்களில். மிச்சத்தைச் சாப்பிட்டோம். திறக்கும்வரை மீனா பட்டாணியா என்று தெரியாது. ஒருநாள் கஞ்சிக்கு அன்னாசி வந்தது, விறாந்தை முழுக்கச் சிரித்தது.

இவ்வளவு கவனம் எங்களிடம் இருந்தது. இப்போது லண்டனில் ஹீட்டர் போட்ட மண்டபத்தில் இருந்துகொண்டு, ரின்னின் அடியில் இருக்கும் கறுப்பு எழுத்தை மட்டும் பார்த்து மூட்டை கட்டுகிறோம்.

அந்த ஞாயிறு மூட்டையிலிருந்து ஒரு மக்கரல் ரின்னை வீட்டுக்குக் கொண்டுபோனேன் (திருட்டு என்றால் திருட்டு, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்). ஐந்து மாதம் கடந்தது. வளையத்தை இழுத்தபோது சின்னதாகக் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம், மீன் துண்டு மூன்றும் உடையாமல், தக்காளிச் சாறு கொஞ்சம் கபில நிறமாக. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் பிரட்டி, இறக்கிய பிறகு தேசிக்காய் விட்டு, புட்டோடு நானும் அவரும் சாப்பிட்டோம். சும்மா வாயில் வைத்துப் பார்த்தபோது புது ரின்னைவிடச் சற்றுத் தட்டையான சுவைதான், மிளகாய் போட்ட பிறகு அதுவும் தெரியவில்லை. நான் சாப்பிட்டேன், உயிரோடு இருக்கிறேன் என்பது ஆதாரமில்லை, அது எனக்குத் தெரியும். பொட்யூலினத்தின் நஞ்சு மணத்திலோ சுவையிலோ தெரியாமல் இருக்கலாம், அதனால் மணந்து பார்த்து முடிவெடுக்கும் ஆள் நானில்லை. திறக்க முதலே ரின்னைப் பார்த்து முடிவெடுத்தேன். திறக்கும்போது அது சீறியிருந்தால், நுரைத்திருந்தால், நாக்கில் வைக்காமல் அப்படியே கட்டி எறிந்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனம் உறுத்துகிறது. போன வருட ஆண்டு விழாவில் மூன்று தட்டு கட்லட் பதினைந்து நிமிடத்தில் முடிந்ததே, தலைவர் ஐயா மேடையிலிருந்தே "இன்னும் இருக்கிறதா" என்று கேட்டீர்களே, அதற்குப் போட்ட மக்கரல் நாலு மாதம் திகதி கடந்தது. சொல்லாமல் செய்தது என் பிழை. சொல்லியிருக்க வேண்டும், சொன்ன பிறகும் எத்தனை பேர் எடுத்திருப்பார்கள் என்று பார்த்திருக்க வேண்டும்.

அந்த வட்ஸ்அப் வரியின் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆள் கோபப்பட்டது கடலைக்காக இல்லை. தனக்குத் தெரியாமல், யாரோ வேண்டாம் என்று கழித்ததைப் பைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக. உதவி வாங்க வரும் சனத்திடம் கேட்காமல் கையில் திணிப்பது அவமதிப்புத்தான். சிலர் தங்கள் அலுமாரியின் மூலையில் 2016இலிருந்து கிடந்ததைக் கொண்டுவந்து "தானம்" என்று வைத்துவிட்டுப் போகிறார்கள், அதையும் ஆறு வருடமாகப் பார்க்கிறேன், அந்த ஆட்களுக்கு நேரில் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் அவமதிப்பைத் தீர்க்க நீங்கள் கண்ட வழி, இருந்ததையும் பறிப்பது. ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்து, எடுக்கிறவர் தானே பார்த்து எடுக்கட்டும் என்று விடலாமே. விரும்பாதவர் விட்டுவிட்டுப் போவார், அந்தத் தாய் நாலு மக்கரல் எடுத்துக்கொண்டு போவார்.

எனவே உங்களிடம் நான் கேட்பது இவை.

முதலாவது அவசரம். வியாழன் காலை குப்பை லொறி வருகிறது. புதன் இரவுக்குள் அந்த ஒன்பது மூட்டைகளையும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் நாலு பேரும் வந்து ஒவ்வொரு ரின்னாகப் பார்ப்போம், உங்களில் ஒருவரும் கூட இருந்தால் நல்லது. வீங்கியது, ஒழுகியது, ஓர மடிப்பில் நெளிந்தது, கூராக மடிந்தது, கறள் குழி விழுந்தது எல்லாம் எறியப்படும், திகதி எதுவாக இருந்தாலும். தட்டில் நிற்கும் அந்தத் தக்காளி ரின்னும் சேர்த்து.

கதவில் ஒட்டிய அறிவித்தலை எடுத்துவிட்டுப் புதிது எழுதுங்கள். அதில் "காலாவதி" என்ற சொல் வேண்டாம். "யூஸ் பை" என்பதற்கு "இந்தத் திகதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது" என்றும், "பெஸ்ட் பிஃபோர்" என்பதற்கு "இந்தத் திகதிவரை சுவை குறையாது, பிறகும் சாப்பிடலாம்" என்றும் முழு வசனமாகவே எழுதுங்கள். வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், செயலாளர் தம்பி பிரிண்ட் எடுத்தால் போதும்.

"பெஸ்ட் பிஃபோர்" கடந்த ரின்களுக்குத் தனித் தட்டு ஒன்று ஒதுக்குங்கள், எத்தனை மாதம் கடந்தது என்று மேலே பெரிதாக எழுதி. எந்தத் தொண்டரும் அந்தத் தட்டிலிருந்து எடுத்து யாருடைய பைக்குள்ளும் போடக் கூடாது என்று விதி வையுங்கள். ஒரு வருடம் வரை கடந்தது போதும், அதற்கு மேல் வேண்டாம். தக்காளி, அன்னாசி இரண்டுக்கும் ஆறு மாதமாகக் குறைக்கலாம், புளிப்பு தகரத்தை அரிக்கும். ஒரு வருடத்தில் ஏதோ நஞ்சாகிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும், அந்தக் கோட்டுக்கு நான் சம்மதம். குழந்தைப் பால்மாவும், "பிரிட்ஜில் வைக்கவும்" என்று எழுதிய ரின்களும் இந்தத் தட்டுக்கு வரவே கூடாது, அவற்றில் திகதி கடந்தால் கடந்ததுதான்.

சாமான் கொண்டுவருபவர்களுக்கும் ஒரு வரி சொல்லுங்கள், தங்கள் வீட்டில் இன்றிரவு திறக்கத் தயங்கும் ரின்னை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று. அந்த வரியை வட்ஸ்அப் குழுவில் தலைவர் ஐயா தன் பெயரில் போட்டால் எடுபடும், நான் போட்டால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள்.

கடைசியாக, இப்படியான முடிவு எடுக்க முதல் அறையில் நிற்கும் ஆட்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நான் கூப்பிடாமலே வருவேன். மக்கரல் கட்லட் கொண்டுவருகிறேன், இந்தமுறை தட்டுக்குப் பக்கத்தில் வெறும் ரின்னையும் வைப்பேன், திகதி தெரியும்படி. எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களில் ஒருத்தி